குர்யுல்: கடல் மூச்சுத் திணறிய இடம்

25 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பேரழிவின் சாட்சியம் காஷ்மீர் மலைச்சரிவு ஒன்றில் பதிவாகி இருக்கிறது. கல்லைக் கரைத்து அதைப் படிக்கிறார்கள் விஞ்ஞானிகள். கல்லை உடைத்து விற்கவும் ஆட்கள் இருக்கிறார்கள்.

ஸ்ரீநகருக்குத் தென்கிழக்கே, குங்குமப்பூ வயல்களுக்குப் பேர்போன பாம்பூருக்குப் பக்கத்தில் குன்மோ என்று ஓர் ஊர். ஊருக்குப் பின்னால் புல் மட்டுமே முளைத்த மொட்டை மலைகள். அவற்றில் ஒன்றின் சரிவில் குர்யுல் என்ற ஓடைப் பள்ளம். டால் ஏரிப் படகு வீடுகளையும் மொகலாயர் தோட்டங்களையும் பார்க்க வரும் லட்சக்கணக்கான பயணிகளில் அநேகமாக எவரும் இங்கே எட்டிப் பார்ப்பதில்லை. பார்த்தாலும் கண்ணில் படப்போவது சாம்பல் நிறத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட கல் வரிசைகள்தான். ரொட்டித் துண்டுகளைச் சாய்த்து வைத்த மாதிரி.

ஆனால் புவியியலாளர்களுக்கு இந்தச் சரிவு ஒரு புனிதத் தலம். பூமியில் உயிர்கள் தோன்றிய பிறகு நடந்த மிகப் பெரிய சாவு, கல்லில் இவ்வளவு தெளிவாகப் பதிவான இடங்கள் உலகத்திலேயே சில மட்டுமே. சுமார் 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, பெர்மியன் காலம் முடிந்து டிரையாசிக் காலம் தொடங்கிய கட்டத்தில், கடலில் வாழ்ந்த உயிரினங்களில் பத்துக்கு எட்டோ ஒன்பதோ அடியோடு மறைந்து போயின. டைனோசார்களை அழித்த விண்கல் விழுந்தது இதற்கு 18 கோடி ஆண்டுகளுக்குப் பிறகு. அந்த அழிவைவிட இது பெரியது.

என்ன நடந்தது? கடல் சூடானது. ஆக்ஸிஜன் குறைந்தது. தண்ணீரில் அமிலத் தன்மை ஏறியது. இதெல்லாம் எப்படித் தெரியும் என்பதுதான் சுவாரஸ்யமான கதை. 25 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடலில் யாரும் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கவில்லை. ஆனால் அந்தக் கடலின் அடியில் படிந்த சேறு தானே ஒரு தெர்மாமீட்டராக இறுகிக் கிடக்கிறது.

பனியில் தொடங்கிய பயணம்

ஆறு கொண்டுவரும் மணலும் களிமண்ணும் கடலடியில் படிகின்றன. செத்த சிப்பிகளும் பவளங்களும் அவற்றோடு சேர்கின்றன. மேலே மேலே புதிய படிவு அழுத்த, கீழே உள்ளது கல்லாகிறது. இதுதான் படிவுப் பாறை. கீழ் அடுக்கு பழையது, மேல் அடுக்கு புதியது. பரணில் அடுக்கி வைத்த பழைய செய்தித்தாள் கட்டு மாதிரி. கட்டைக் கலைக்காத வரை தேதி வரிசை மாறுவதில்லை.

காஷ்மீருக்கு வரும் முன் அந்தக் கட்டின் அடிப்பகுதியைப் பார்க்க ஒரிசா போக வேண்டும். 1850களின் நடுவில், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் வேலைக்குச் சேர்ந்த வில்லியம் பிளான்ஃபோர்டு, ஹென்றி பிளான்ஃபோர்டு என்ற சகோதரர்கள் தால்ச்சேர் நிலக்கரி வயலை ஆராய்ந்தார்கள். நிலக்கரிக்கு அடியில் விநோதமான ஒரு படிவு இருந்தது. மெல்லிய சேற்றுக் கல்லுக்குள் பெரிய பெரிய பாறை உருண்டைகள். ஓடும் தண்ணீர் பெரிய கல்லையும் நுண்ணிய சேற்றையும் ஒரே இடத்தில் போடாது. எடைக்கேற்பப் பிரித்துத்தான் போடும். இரண்டையும் ஒன்றாகச் சுமந்து வந்து இறக்கக்கூடியது பனிக்கட்டிதான் என்ற முடிவுக்கு வந்தார்கள் அவர்கள். வெயில் கொளுத்தும் ஒரிசாவில் பனிப்பாறையா என்று சிரித்தவர்கள் இருந்தார்கள். பிறகு மகாராஷ்டிரத்தில் சந்திரபூருக்கு அருகே இராய் என்ற இடத்தில், பனிப்பாறை நகர்ந்தபோது கீழே இருந்த சுண்ணாம்புக்கல் தரையில் இழுத்த கீறல்களே கிடைத்தன. சிரிப்பு அடங்கியது.

சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்தியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, அண்டார்டிகா, தென்னமெரிக்கா எல்லாம் கோண்டுவானா என்ற ஒரே நிலப்பரப்பாகத் தென்துருவத்தைச் சுற்றி ஒட்டிக் கிடந்தன. அதன் பெரும் பகுதி பனிப் போர்வைக்குள் இருந்தது. பிறகு பனி உருகியது. சதுப்பு நிலங்களில் குளோசோப்டெரிஸ் காடுகள் வளர்ந்து மடிந்து நிலக்கரியாயின.

காஷ்மீர் இந்தக் கதையின் அடுத்த அத்தியாயங்களைச் சொல்கிறது. ஸ்ரீநகரின் சங்கராச்சாரியார் கோயில் நிற்கும் குன்று, சுமார் 29 கோடி ஆண்டுகளுக்கு முன்பு பீறிட்ட எரிமலைக் குழம்பு இறுகியது. நிஷாத் தோட்டத்துக்கு மேலே உள்ள பாறைகளில் குளோசோப்டெரிஸ் இலைகளின் அச்சு கிடைக்கிறது. அதற்கும் மேல் அடுக்குகளில் செடி இல்லை, சிப்பி. நிலம் தாழ்ந்து கடல் உள்ளே வந்துவிட்டது. அந்தக் கடலின் பெயர் டெதிஸ். இமயமலை எழும்பியபோது அதன் அடித்தரை மலைச்சரிவாகத் தூக்கி நிறுத்தப்பட்டது. குர்யுல் அந்தத் தரையின் ஒரு துண்டு.

இரண்டு படிவுகள், ஒரு கோடு

1860களில் காட்வின்-ஆஸ்டின் இந்தப் பகுதியின் சிப்பிப் பாறைகளைப் பற்றி எழுதினார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிடில்மிஸ் அடுக்குகளை வரிசைப்படுத்தினார். ஆனால் குர்யுலை உலக வரைபடத்தில் ஏற்றியது ஜப்பானிய, இந்தியக் கூட்டுக் குழு. கெய்ஜி நகசாவா, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் எச்.எம். கபூர் உள்ளிட்டோர் அடுக்கு அடுக்காக அளந்து எடுத்த கணக்கு 1975-ல் வெளியானது. அதன் பிறகு வந்த எல்லா ஆய்வுகளும் அந்த அடுக்கு எண்களைத்தான் இன்றும் மேற்கோள் காட்டுகின்றன.

கீழே இருப்பது ஜேவன் படிவு. மணல் கலந்த சுண்ணாம்புக்கல். பிராக்கியோபாட் என்ற, மட்டி போலத் தோன்றினாலும் மட்டி இனத்தைச் சேராத இரட்டை ஓட்டு உயிர்கள், பவளங்கள், கடல் அல்லிகள் என்று கூட்டம் நெரிசலான ஒரு கடல். மேலே இருப்பது, ஊரின் பெயரையே தாங்கிய குனமூ படிவு. கறுத்த களிப்பாறையும் மெல்லிய சுண்ணாம்புக்கல் பட்டைகளும் மாறி மாறி வருகின்றன. கடல் ஆழமாகிவிட்டது என்று பொருள். இங்கே கூட்டம் இல்லை. கிளாரையா என்ற, காகிதம் போல மெலிந்த ஓடுள்ள சிப்பி இனமும் சில சுருள் ஓட்டு அம்மோனாய்டுகளும் திரும்பத் திரும்ப வருகின்றன. ஊரே காலியான பிறகு, எதையும் தாங்கும் சில குடும்பங்கள் மட்டும் தங்கிவிட்ட தெரு மாதிரி.

இரண்டு காலங்களுக்கும் இடையிலான கோடு கல்லின் நிறம் மாறும் இடத்தில் இல்லை. குனமூ படிவுக்குள் சில மீட்டர் மேலே இருக்கிறது. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஹிண்டியோடஸ் பார்வஸ் என்ற உயிரினம் முதன்முதலில் தலைகாட்டும் அடுக்குதான் எல்லை என்பது சர்வதேச விதி. இது கோனோடான்ட் என்ற வகையைச் சேர்ந்தது. விலாங்கு போன்ற, தாடை இல்லாத சிறிய கடல் பிராணி. உடல் மக்கிவிட்டது. மிஞ்சியவை பல் போன்ற துணுக்குகள். அவற்றில் பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டர்கூட இருப்பதில்லை.

இதைத் தேடும் வேலை பொறுமையைச் சோதிப்பது. மலையிலிருந்து கிலோ கணக்கில் சுண்ணாம்புக்கல்லை மூட்டை கட்டி எடுத்து வர வேண்டும். நீர்த்த அசெட்டிக் அமிலத்தில் ஊறப்போட வேண்டும். ஊறுகாய்க்குப் போடும் வினிகரில் இருக்கிற அதே அமிலம்தான். சுண்ணாம்பு கரைந்து போகும், பல் துணுக்குகள் பாஸ்பேட்டால் ஆனவை என்பதால் கரையாமல் அடியில் தங்கும். வண்டலைச் சல்லடையில் சலித்து, மைக்ராஸ்கோப்பின் கீழ் ஈரத் தூரிகையால் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். வாரக்கணக்கில் பொறுக்கியும் ஒன்றும் கிடைக்காத மூட்டைகள் உண்டு.

கல்லுக்குள் தெர்மாமீட்டர்

அந்தப் பல் துணுக்கு காலத்தை மட்டும் சொல்வதில்லை. வெப்பத்தையும் சொல்கிறது.

அமெரிக்க ரசாயன விஞ்ஞானி ஹெரால்டு யூரி 1947-ல் வெளியிட்ட கணக்குதான் இதற்கு அடிப்படை. ஆக்ஸிஜனில் லேசான அணுவும் உண்டு, சற்றே கனமான அணுவும் உண்டு. கடல் உயிர்கள் ஓடும் பல்லும் கட்டும்போது தண்ணீரிலிருந்து இரண்டையும் எடுத்துக்கொள்கின்றன. தண்ணீர் குளிர்ந்திருந்தால் கனமான அணு அதிகம் சேரும், சூடாக இருந்தால் குறையும். ஓட்டில் உள்ள விகிதத்தை அளந்தால் அந்த உயிர் வாழ்ந்த நாளின் கடல் வெப்பம் கிடைத்துவிடும்.

சொல்வது சுலபம். கோடிக்கணக்கான ஆண்டுகள் புதைந்து கிடந்த சிப்பியின் சுண்ணாம்பு, நிலத்தடி நீரோடு தன் ஆக்ஸிஜனை மாற்றிக்கொண்டிருக்கலாம். அப்போது அது சொல்வது கடலின் வெப்பம் அல்ல, பிறகு பட்ட பாட்டின் கணக்கு. பாஸ்பேட் பல் இந்த விஷயத்தில் பிடிவாதமானது, எளிதில் மாறாது. அது எவ்வளவு சூடுபட்டது என்பதையும் தன் நிறத்திலேயே காட்டிக் கொடுக்கிறது. சூடு படாத கோனோடான்ட் வெளிர் மஞ்சள். சூடு ஏற ஏறப் பழுப்பாகி, கறுத்துவிடும். சாட்சியே தன் நம்பகத் தன்மைக்குச் சான்றிதழும் கையில் வைத்திருப்பது அபூர்வம்.

தென் சீனப் பாறைகளில் கிடைத்த கோனோடான்ட்களை அளந்து 2012-ல் வெளியான ஆய்வுகள் விஞ்ஞானிகளையே திடுக்கிட வைத்தன. எல்லைக் கட்டத்தில் கடல் வெப்பம் சுமார் 8 டிகிரி செல்சியஸ் ஏறியிருந்தது. அதைத் தொடர்ந்த டிரையாசிக் தொடக்கத்தில் வெப்ப மண்டலக் கடலின் மேற்பரப்பு 40 டிகிரியைத் தொட்டிருக்கிறது. வெந்நீர்க் குளியலுக்குச் சரியான சூடு, மீன்களுக்கு மரணம்.

மூச்சுத் திணறலுக்குச் சாட்சி வேறு கல்லில் இருக்கிறது. கறுத்த களிப்பாறையை மெருகேற்றி மின்னணு நுண்ணோக்கியில் வைத்தால், ராஸ்பெர்ரிப் பழம் போன்ற பொடிப் பொடியான உருண்டைகள் தெரியும். பைரைட் என்ற இரும்பு சல்ஃபைடு. ஆக்ஸிஜன் இல்லாத தண்ணீரில் மிதந்தபடி இவை உருவானால் கொஞ்சம் வளர்ந்ததுமே மூழ்கிவிடும். ஆகவே மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு அளவில், ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். தண்ணீரில் ஆக்ஸிஜன் இருந்து, சேற்றுக்குள் மட்டும் இவை உருவானால் பெரிதும் சிறிதுமாகக் கலந்திருக்கும். அளவை எண்ணிப் பார்த்தாலே பழைய கடலின் சுவாசம் தெரிந்துவிடும். இந்த முறையில் குர்யுலை ஆராய்ந்த ஒரு சர்வதேசக் குழு, அங்கும் ஆக்ஸிஜன் வறண்ட அடையாளங்கள் இருப்பதை 2005-ல் வெளியிட்டது.

மூன்றாவது சாட்சி கார்பன். எல்லையை நெருங்கும்போது சுண்ணாம்புக்கல்லில் கனமான கார்பனின் பங்கு சட்டென்று சரிகிறது. சீனாவிலும் ஈரானிலும் காஷ்மீரிலும் இதே சரிவு. லேசான கார்பன் எங்கிருந்தோ ஏராளமாகக் கடலிலும் காற்றிலும் கொட்டப்பட்டிருக்கிறது. சந்தேகத்தின் விரல் சைபீரியாவை நோக்கி நீள்கிறது. அங்கே அதே காலத்தில் லட்சக்கணக்கான சதுர கிலோமீட்டர் பரப்பை எரிமலைக் குழம்பு மூடியது. மேலேறும் வழியில் அது பூமிக்குள் இருந்த நிலக்கரிப் படுகைகளையும் உப்புப் படிவுகளையும் சுட்டு எரித்தது. கார்பன் டையாக்ஸைடு வானத்துக்குப் போனது, பூமி சூடானது. சூடான தண்ணீரில் ஆக்ஸிஜன் தங்காது. கடல் மூச்சுத் திணறியது.

புயலா, சுனாமியா?

எல்லாச் சாட்சியங்களும் இவ்வளவு ஒத்துப்போவதில்லை. ஜேவன் படிவின் மேல் பகுதியில் சில அடுக்குகள் குலைந்து, உடைந்த சிப்பிகளோடு கலங்கிக் கிடக்கின்றன. 2013-ல் ஒரு குழு இவை நிலநடுக்கமும் சுனாமியும் விட்டுச் சென்ற தடயங்கள் என்று எழுதியது. அடுத்த ஆண்டே இன்னொரு குழு மறுத்தது. சாதாரணப் புயல் அலைகளே இதைச் செய்யப் போதும் என்பது அவர்கள் வாதம்.

இந்தச் சண்டையைத் தீர்க்க ஒரே வழி, மறுபடியும் மலைக்குப் போய் அதே அடுக்கைத் தொட்டுப் பார்ப்பது. கேள்விகள் மாறிக்கொண்டே இருக்கும். 1975-ல் யாருக்கும் பைரைட் உருண்டையை எண்ணத் தோன்றவில்லை. நாளை வரப்போகும் கருவி எதைக் கேட்கும் என்பது இன்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் மாதிரிகள் ஆய்வுக்கூடத்தில் இருந்தால் போதாது, பாறை அதன் இடத்திலேயே இருக்க வேண்டும்.

கைநழுவிய தங்க ஆணி

ஒவ்வொரு புவியியல் காலத்தின் தொடக்கத்தையும் உலகில் ஒரே ஒரு இடத்தில் அடையாளமிடுவது வழக்கம். அந்த இடத்துக்கு ‘தங்க ஆணி’ என்று செல்லப் பெயர். டிரையாசிக்கின் ஆணி எங்கே அடிக்கப்பட வேண்டும் என்ற போட்டியில் 1990களில் நான்கு இடங்கள் இருந்தன. மூன்று சீனாவின் ஆட்சிப் பகுதியில். நான்காவது குர்யுல்.

அந்த ஆண்டுகளில் காஷ்மீர் எப்படி இருந்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை. துப்பாக்கிச் சத்தம் கேட்கும் பள்ளத்தாக்குக்குச் சுத்தியலோடு போக எந்த சர்வதேசக் குழு முன்வரும்? எவரும் நினைத்த நேரத்தில் போய்ப் பார்க்க முடிவது தங்க ஆணிக்கான நிபந்தனைகளில் ஒன்று. அதில் குர்யுல் தோற்றது. இது மட்டுமே காரணம் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். சீனாவின் மெய்ஷானில் எரிமலைச் சாம்பல் பட்டைகள் உண்டு. சாம்பலில் உள்ள சிர்க்கான் படிகங்களைக் கொண்டு ஆண்டையே கணக்கிடலாம். அந்தச் சாம்பல்தான் அழிவு சுமார் 60,000 ஆண்டுகளுக்குள் முடிந்துவிட்டதாக 2014-ல் சொன்னது. 2001-ல் ஆணி மெய்ஷானுக்குப் போனது. சீனா அந்தக் குன்றைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக்கியது, பக்கத்தில் அருங்காட்சியகம் கட்டியது.

இந்தியாவுக்கு 2018-ல் வேறொரு ஆணி கிடைத்தது. மேகாலயாவின் மாம்லூ குகையில் சொட்டுச் சொட்டாக வளர்ந்த ஒரு சுண்ணாம்புக் கல்தூண், 4,200 ஆண்டுகளுக்கு முன்பு பருவமழை பொய்த்ததைப் பதிவு செய்திருந்தது. நாம் வாழும் இன்றைய காலப் பிரிவுக்கே ‘மேகாலயன்’ என்று பெயர்.

குர்யுலுக்கு ஆணியும் இல்லை, அருங்காட்சியகமும் இல்லை. ஆபத்து மட்டும் இருந்தது. டெதிஸ் கடலின் சுண்ணாம்புக்கல்தான் காஷ்மீர் சிமெண்ட்டின் மூலப்பொருள். குன்மோ, க்ரூ பகுதிகளில் தொழிற்சாலைகளும் கல் குவாரிகளும் பெருகின. வெட்டு குர்யுல் பக்கம் நெருங்கியபோது புவியியலாளர்கள் குரல் எழுப்பினார்கள். குவாரியில் கல் உடைப்பவரை வில்லனாக்குவது நியாயம் அல்ல. ஆப்பிளும் குங்குமப்பூவும் எல்லோருக்கும் சோறு போடுவதில்லை. வீட்டுக்கும் பாலத்துக்கும் கல் வேண்டும். ஆனால் சுண்ணாம்புக்கல் வேறு மலைகளிலும் இருக்கிறது. இந்த எல்லைக்கோடு இங்கேதான் இருக்கிறது.

இதுபோன்ற இடங்களைக் காக்கச் சட்டம் வேண்டும் என்பது பழைய கோரிக்கை. புவியியல் ஆய்வுத் துறை சில இடங்களைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னங்களாக அறிவித்திருக்கிறது. தமிழ்நாட்டில் திருவக்கரை, சாத்தனூர் கல்மரங்கள் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் அறிவிப்புப் பலகை வேறு, சட்டம் வேறு. புவிப் பாரம்பரிய இடங்களைப் பாதுகாக்கும் மசோதாவின் வரைவை மத்திய சுரங்க அமைச்சகம் 2022 டிசம்பரில்தான் வெளியிட்டது. நாட்டின் சுரங்கத் தொழிலைக் கவனிக்கும் துறையும் இதே துறைதான் என்பதைக் கவனித்த விமர்சகர்கள் உண்டு.

தாமோதர் ஆற்றங்கரைச் சாட்சி

அழிவு கடலோடு நிற்கவில்லை. மேற்கு வங்கத்தின் தாமோதர் பள்ளத்தாக்கில் ராணிகஞ்ச் படிவு நிலக்கரி நிறைந்தது. அதற்கு நேர் மேலே வரும் பாஞ்சேத் படிவில் நிலக்கரி கிடையாது. காடுகள் அழிந்துவிட்டன. உலகம் முழுவதிலும் டிரையாசிக்கின் தொடக்கத்தில் பல லட்சம் ஆண்டுகளுக்கு நிலக்கரியே உருவாகவில்லை. குளோசோப்டெரிஸ் மறைந்தது. பாஞ்சேத்தில் கிடைப்பவை லிஸ்ட்ரோசாரஸ் என்ற, பன்றி அளவிலான, கொம்புப் பல் கொண்ட பிராணியின் எலும்புகள். கடலில் கிளாரையா போல, நிலத்தில் தப்பிப் பிழைத்த முரடன் அது.

இந்தியாவின் மின் நிலையங்களில் எரியும் கரியில் பெரும்பகுதி அந்தப் பெர்மியன் காடுகள்தான். சைபீரிய எரிமலை அன்று நிலக்கரியைச் சுட்டுக் காற்றில் கலந்தது. அதே வேலையை இன்று மனிதன் கொதிகலன் வைத்துச் செய்கிறான். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த கார்பன் டையாக்ஸைடு இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. 1960-லிருந்து அரை நூற்றாண்டில் உலகக் கடல்கள் தங்கள் ஆக்ஸிஜனில் சுமார் 2 சதவீதத்தை இழந்துவிட்டதாக 2017-ல் ஒரு கணக்கு வெளியானது. நம் வாசலில் இருக்கும் அரபிக்கடலின் நடு ஆழத்தில், உலகின் மிகப் பெரிய ஆக்ஸிஜன் பற்றாக்குறைப் பகுதிகளில் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது.

இரண்டையும் அப்படியே சமன் செய்வது தவறு. அன்று கொட்டப்பட்ட கார்பனின் மொத்த அளவு இன்றைவிட மிக மிக அதிகம். ஆனால் கொட்டும் வேகத்தில் இன்றைய மனிதன் அன்றைய எரிமலையின் சராசரியை முந்துகிறான் என்கின்றன கணக்கீடுகள். வேகம் ஏன் முக்கியம் என்பதற்கான பதிலும் கல்லில்தான் இருக்கிறது. மெதுவாக வந்த மாற்றங்களைப் பிராக்கியோபாட்கள் கோடிக்கணக்கான ஆண்டுகள் சமாளித்தன. பனிக் காலத்தைத் தாண்டி வந்தன. அவசரமாக வந்த ஒன்றை அவற்றால் சமாளிக்க முடியவில்லை. கடல் பழைய நிலைக்குத் திரும்ப 50 லட்சம் ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

குர்யுலில் அந்த முன்னும் பின்னும் சில மீட்டர் கனத்துக்குள் அடங்கிவிடுகின்றன. கீழே நின்று கையை உயர்த்தினால் நெருக்கியடித்த கடலில் கால், காலியான கடலில் கை. இமயமலையையே எழுப்பிய நெருக்கல்கூட அந்த அடுக்குகளின் வரிசையைக் கலைக்கவில்லை. கலைக்க ஒரு வெடிகுழியும் சில லாரிகளும் ஒரு மாலைப் பொழுதும் போதும்.